1 யோவான் 5:7ஐ எடுத்தது யார்?

ஒரு வாசகர் கேட்டிருந்தது:

"அப்பாவின் பழைய வேதாகமத்தில் 1 யோவான் 5:7 இப்படி இருக்கிறது: 'பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்.' அதன் கீழே அப்பா சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார். புதிய மொழிபெயர்ப்பைத் திறந்தால் அந்த வரியையே காணோம். வேதத்திலிருந்து எதையாவது எடுத்துப்போட்டால் தண்டனை என்று வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரம் சொல்கிறது. அப்படியிருக்க இதை எடுத்தது யார்? எந்தத் துணிச்சலில் எடுத்தார்கள்?"

2024 ஜனவரி 12, மாலை

யாரும் எடுக்கவில்லை. அந்த வரி பின்னால் வந்து சேர்ந்தது. இதை எழுதும்போது எனக்கும் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. ஞாயிறு வகுப்பில், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்துக்கு ஆதாரம் என்று நான் முதலில் மனப்பாடம் செய்த வசனம் இது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கையெழுத்துப் படிகள், முழுமையானவையும் துண்டுகளுமாக, ஐயாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. இந்த வரியைக் கொண்டவை ஏறக்குறைய பத்து. அவற்றிலும் சிலவற்றில் அது ஓரத்தில் வேறொரு கை பின்னால் எழுதிச் சேர்த்தது. 4ஆம் நூற்றாண்டில் திரித்துவத்தை வைத்துச் சபை இரண்டுபட்டு நின்று வாதாடியபோது, கிரேக்கத்தில் எழுதிய ஒருவரும் இதை எடுத்துக்காட்டவில்லை. கையில் இருந்திருந்தால் சும்மா விட்டிருப்பார்களா? இலத்தீன் மொழிப் படிகளில்தான் அது வளர்ந்தது. ஆவி, ஜலம், இரத்தம் என்ற மூன்று சாட்சிகளுக்கு யாரோ சொன்ன விளக்கம், ஓரத்திலிருந்து வசனத்துக்குள் நகர்ந்திருக்கிறது.

நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸ் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்த வரி இல்லை. எதிர்ப்பு கிளம்பியது. கிரேக்கப் படி ஒன்றிலாவது காட்டினால் சேர்க்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். ஒரு படி காட்டப்பட்டது. 1522இல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அந்தப் படி இன்றும் டப்ளினில் இருக்கிறது. எராஸ்மஸின் வழிவந்த கிரேக்கப் பாடத்தைத்தான் அடுத்த 300 ஆண்டுகள் சீர்திருத்தச் சபைகள் பெரும்பாலும் பின்பற்றின. 1871இல் ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்த தமிழ் மொழிபெயர்ப்பும் அந்த வழியில் வந்தது. உங்கள் அப்பா கோடு போட்டது அதன்மேல்தான்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். லூத்தர் ஜெர்மன் மொழியில் பெயர்க்கும்போது வைத்திருந்தது எராஸ்மஸின் இரண்டாம் பதிப்பு. அவர் உயிரோடிருந்தவரை அவருடைய ஜெர்மன் வேதாகமத்தில் இந்த வரி கிடையாது. லூத்தரைத் திரித்துவ மறுப்பாளர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அதே நாள், இரவு

மேலே எழுதியதில் ஒரு பிழை. திருத்துகிறேன். எராஸ்மஸ் வாக்குக் கொடுத்தார் என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். புத்தகம் புத்தகமாக அந்தக் கதை இருக்கிறது. ஆனால் அவருடைய எழுத்துகளில் அப்படி ஒரு வாக்குறுதி இல்லை என்பதை டச்சு அறிஞர் ஹென்க் யான் டி யோங்கெ 1980இல் எடுத்துக்காட்டிவிட்டார். அவதூறுக்கு இடம்கொடுக்க வேண்டாம் என்பதற்காகவே சேர்த்ததாக எராஸ்மஸ் சொல்கிறார். பின்னால் ஒட்டிக்கொண்ட ஒரு வரியைப் பற்றிப் பேசும்போதே, பின்னால் ஒட்டிக்கொண்ட ஒரு கதையை நானும் படியெடுத்துக் கடத்தியிருக்கிறேன். நல்ல கதை கையில் கிடைத்தால் விட மனம் வருவதில்லை. அந்த இலத்தீன் எழுத்தர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஜனவரி 13

வெளிப்படுத்தின விசேஷம் 22:19ஐ மேற்கோள் காட்டியிருந்தீர்கள். நேற்றே அதைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த நூலுக்கு எராஸ்மஸ் கையில் இருந்தது ஒரே ஒரு கிரேக்கப் படி. அதில் கடைசி ஏடு இல்லை. கடைசி ஆறு வசனங்கள் இல்லை. அச்சகம் அவசரப்படுத்தியது. இலத்தீனைப் பார்த்து அந்த ஆறு வசனங்களை அவரே கிரேக்கத்தில் பெயர்த்து எழுதிவிட்டார். அவர் பார்த்த இலத்தீனில் 'லிக்னோ', அதாவது மரம், என்று இருக்க வேண்டிய இடத்தில் முன்னொரு எழுத்தர் 'லிப்ரோ', அதாவது புத்தகம், என்று எழுதியிருந்தார். கிரேக்கப் படிகள் 'ஜீவவிருட்சம்' என்கின்றன. எராஸ்மஸ் வழிவந்த பாடம் 'ஜீவபுஸ்தகம்' என்கிறது. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பிலும் 'ஜீவபுஸ்தகத்திலிருந்தும்' என்றுதான் இருக்கிறது.

எதையும் எடுத்துப்போடாதே, கூட்டாதே என்று எச்சரிக்கிற வசனத்திலேயே ஒரு சொல் மாறி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இதில் கேலி செய்யத் தோன்றவில்லை. மனிதர் கைகளில்தான் இது நமக்கு வந்து சேர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. பொருளும் மாறுகிறது. இரட்சிக்கப்பட்டவனின் பெயர் ஜீவபுஸ்தகத்திலிருந்து நீக்கப்படுமா என்று வாதாடுகிறவர்கள் இந்த வசனத்தை எடுத்து வீசுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த வாதத்துக்கு 3:5 இருக்கிறது, அங்கே போகலாம். இந்த வசனம் பேசுவது ஏதேனில் இழந்த மரத்தைப் பற்றி.

ஜனவரி 15

"அப்படியானால் எதைத்தான் நம்புவது?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. 1707இல் ஜான் மில் என்பவர் ஆக்ஸ்போர்டில் சுமார் 30,000 பாடபேதங்களை, அதாவது படிக்குப் படி சொல் மாறும் இடங்களை, தொகுத்து வெளியிட்டபோதும் இதே கேள்விதான் எழுந்தது. பெரும்பாலானவை எழுத்துப் பிழை, சொல் முன்பின்னாதல், 'இயேசு கிறிஸ்து' 'கிறிஸ்து இயேசு' ஆதல் போன்றவை. மொழிபெயர்ப்பில் தெரியவே தெரியாது. பொருளைத் தொடுகிறவை சில நூறு இருக்கலாம் என்றால் அவற்றில் பாதியைப் பற்றிக்கூட ஆலயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. எனக்குக் கோபம் அங்கேதான். பேதம் இருப்பது குற்றமில்லை. பேதம் இருப்பதே தெரியாமல் வளர்ந்த பிள்ளை கல்லூரியில் யாரோ சொல்லக் கேட்டு விசுவாசத்தை உதறுகிறானே, அதற்கு யார் பொறுப்பு?

ஜனவரி 16

ஒரே ஓர் எழுத்து. லூக்கா 2:14.

பழையது: "பூமியிலே சமாதானமும், மனுஷர்மேல் பிரியமும் உண்டாவதாக." புதியது, 1995இல் வந்த திருவிவிலியம்: "உலகில் அவருக்கு உகந்தோருக்கு அமைதி உண்டாகுக!" முதலாவதில் தேவதூதர்கள் மனிதகுலம் முழுவதுக்கும் வாழ்த்துப் பாடுகிறார்கள். இரண்டாவதில் சமாதானம் கடவுளுக்கு உகந்தவர்களுக்கு. மொழிபெயர்ப்பாளரின் கொள்கை வேறுபாடு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை. கிரேக்கத்தில் 'எவ்தொகியா' என்றால் முதல் பொருள், 'எவ்தொகியாஸ்' என்றால் இரண்டாவது. வார்த்தையின் கடைசியில் ஒரு சிக்மா. 4ஆம் நூற்றாண்டின் சீனாய்ப் படியில் முதலில் அந்தச் சிக்மா இருந்தது. பின்னால் வந்த திருத்தக்காரர் நீக்கிவிட்டார். வத்திக்கான் படியிலும் அதே கதை.

சீனாய்ப் படியின் பக்கங்கள் முழுவதையும் இணையத்தில் பார்க்கலாம். ஒரு பின்னிரவில் அந்தப் பக்கத்தைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனேன். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, எல்லாம் பெரிய எழுத்து, நெடுக்குவாட்டில் நான்கு பத்திகள். அந்தச் சொல்லின் கடைசியைத் தேடிக் கண்டபோது வயிற்றில் ஏதோ புரண்டது. அந்த எழுத்தை நீக்கிய கைக்குச் சொந்தக்காரர் என்ன நினைத்துக்கொண்டு செய்தார்? மனிதர் எல்லார்மேலும் கடவுளுக்குப் பிரியம் என்று அவர் உளமாற நம்பியிருக்கலாம். கையில் இருந்த வேறொரு படியைப் பார்த்தும் திருத்தியிருக்கலாம்.

ஜனவரி 16, பின்னிரவு

எழுத்து என்றதும் ரோமர் 5:1 நினைவுக்கு வந்துவிட்டது. தூக்கம் போயிற்று.

"தேவனிடத்தில் சமாதானம் பெற்றிருக்கிறோம்" என்பது பழைய மொழிபெயர்ப்பு. கிரேக்கத்தில் 'எகொமென்' என்று குறில் ஒகரம் இருந்தால் "பெற்றிருக்கிறோம்". 'எகோமென்' என்று நெடில் ஓகாரம் இருந்தால் "பெற்றுக்கொள்வோமாக". முதலாவது நடந்து முடிந்த ஒன்றைச் சொல்கிறது. இரண்டாவது அழைப்பு. பழமையான படிகளில் முதலில் எழுதப்பட்டது பெரும்பாலும் நெடில். ஆனால் பவுலின் வாதம் ஓடும் போக்குக்குக் குறில்தான் பொருந்துகிறது என்று பலரும் முடிவுசெய்திருக்கிறார்கள். பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு. 16:22இல் அவரே தன் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறார். காதில் விழும்போது குறிலும் நெடிலும் ஒன்றாகிவிட்ட ஒரு காலமும் கிரேக்கத்துக்கு வந்தது.

இது தமிழனுக்குப் புரிய வேறு யாருக்குப் புரியும்? ஒகரமும் ஓகாரமும் ஏட்டில் ஒன்றுபோலவே இருக்கும். வீரமாமுனிவர் வந்துதான் வேறுபாடே செய்தார். அதற்கு முன் படித்தவர்கள் இடம் பார்த்துப் பொருள் கொண்டார்கள். கொள் என்பதா கோள் என்பதா என்று ஏட்டின் முன் உட்கார்ந்து நம் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு, ரோமர் 5:1இன் முன் உட்கார்ந்தவர்கள் பட்ட பாடுதான்.

ஜனவரி 17

இலக்கணம் படித்த வாசகர் ஒருவர் சரியாகத் திருத்தியிருக்கிறார். வீரமாமுனிவருக்கு முன் வேறுபாடே இல்லை என்று நான் எழுதியது தவறு. எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்கிறது. எழுத்தாணியால் ஏட்டில் எழுதும்போது அந்தப் புள்ளியை விட்டுவிட்டார்கள். வீரமாமுனிவர் நெடிலுக்கு அடையாளம் கொடுத்தார். விதி இருந்தது, ஏட்டில் அது விழவில்லை என்பதே சரி. நன்றி.

புள்ளி என்றதும் இன்னொன்று. 1 தீமோத்தேயு 3:16இல் "தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்" என்கிறது பழையது. "அவர்" அல்லது "வெளிப்பட்டவர்" என்கின்றன புதியவை. கிரேக்கத்தில் தேவன் என்பதை முழுதும் எழுதமாட்டார்கள். முதலெழுத்தும் கடைசியெழுத்தும் எழுதி மேலே ஒரு கோடு இழுப்பார்கள். முதலெழுத்து ஒரு வட்டம், நடுவில் குறுக்குக்கோடு. நடுக்கோடும் மேல்கோடும் இல்லையென்றால் அதே இரண்டெழுத்து "எவர்" என்றாகும். அலெக்சாந்திரியப் படியின் அந்தத் தோல்தாளில் வட்டத்துக்குள் தெரிந்த கோடு எழுதியவர் போட்டதா, மறுபக்கத்து எழுத்தின் மை ஊடுருவித் தெரிவதா என்று 18ஆம் நூற்றாண்டில் வெட்ஸ்டைன் என்ற அறிஞர் கேட்டார். ஒரு கோட்டுக்காக எவ்வளவு மை கொட்டியிருக்கிறார்கள்! கிறிஸ்துவின் தெய்வத்துவம் இந்தக் கோட்டில் தொங்கவில்லை. யோவான் 1:1 ஒன்று போதும். ஆனாலும் தொங்குகிறது என்று நினைத்தவர்கள் அந்தக் கோட்டை விடவில்லை.

ஜனவரி 20

இன்று ஆராய்ச்சி இல்லை.

நண்பனின் தாயார் மருத்துவமனையில் கடைசி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். அவர்கள் கத்தோலிக்கர்கள். நாங்கள் நான்கைந்து பேர் சீர்திருத்தச் சபைக்காரர்கள். கட்டிலைச் சுற்றி நின்று கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொன்னோம். "தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும், ஆமென்" என்று அவர்கள் நிறுத்தினார்கள். எங்கள் வாய் பழக்கத்தில் "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்" என்று ஓடியது. அறையில் பாதிக் குரல்கள் நின்றுவிட்டன, பாதி ஓடின. நாங்கள் கூசிப்போய்க் குரலைத் தாழ்த்தினோம். அப்போது அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே கையை லேசாக அசைத்தார், சொல்லுங்கள் என்பதுபோல.

மத்தேயு 6:13இன் அந்தக் கடைசி வாக்கியம் பழமையான கிரேக்கப் படிகளில் இல்லை. இலத்தீன் மரபிலும் இல்லை. ஆகவே கத்தோலிக்கர் நிறுத்துகிற இடம் மத்தேயு நிறுத்திய இடம். ஆனால் 'திதாகே' என்ற மிகப் பழைய சபை நூலில் "வல்லமையும் மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவை" என்ற சற்றுக் குறுகிய வடிவம் இந்த ஜெபத்தின் முடிவிலேயே இருக்கிறது. ஜெபித்தவர்கள் அப்படித்தான் முடித்தார்கள். எழுதியவர்கள் ஜெபத்தை ஏட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சேர்க்கை என்ற சொல்லை நான் இங்கே தயக்கத்தோடுதான் பயன்படுத்துகிறேன். திருட்டுத்தனமாகச் செருகியதற்கும் ஜெபித்து ஜெபித்துச் சேர்ந்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஜனவரி 24

யோவான் 8. இதைக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

விபசாரத்தில் பிடிக்கப்பட்ட பெண்ணின் நிகழ்ச்சி, 7:53 முதல் 8:11 வரை, மிகப் பழைய பாப்பிரஸ் படிகளான 66, 75 இரண்டிலும் இல்லை. சீனாய், வத்திக்கான் படிகளிலும் இல்லை. கிரேக்கத்தில் இதைக் கொண்ட மிகப் பழைய படி 'பேசா' என்று பெயர் பெற்றது, ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டு. சில படிகளில் இது லூக்கா 21:38க்குப் பிறகு வருகிறது. சிலவற்றில் யோவானின் கடைசியில். வீடு தேடி அலைந்த கதை.

நான் இதை ஒரு பெண்கள் கூட்டத்தில் நடத்தியிருக்கிறேன். "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை, நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே" என்று வாசித்தபோது பின்வரிசையில் ஒருவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஏன் என்று நான் கேட்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துத்தான் படிகளைப் பற்றிப் படித்தேன். ஏமாற்றப்பட்டதுபோல் இருந்தது. இரண்டு ஆண்டுகள் அந்தப் பகுதியை நான் தொடவே இல்லை. யாராவது நடத்தச் சொன்னால் வேறு பகுதிக்குத் தாவினேன்.

திரும்பி வந்ததற்குக் காரணம் பழைய எழுத்தாளர்கள்தான். பல பாவங்கள் சாட்டப்பட்டு ஆண்டவர் முன் நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணின் கதையை 2ஆம் நூற்றாண்டு ஆயர் பாப்பியா சொன்னதாகச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதுகிறார். 3ஆம் நூற்றாண்டுச் சிரியச் சபை ஒழுங்கு நூல் ஒன்று, மனந்திரும்புகிறவனை ஏற்காத ஆயரைக் கண்டிக்க இந்தக் கதையை எடுத்துக்காட்டுகிறது. வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனோ, தங்கள் மனைவிமாருக்குப் பாவம் செய்யத் துணிச்சல் வந்துவிடும் என்று பயந்த சில ஆண்கள் இதைத் தங்கள் படிகளிலிருந்து நீக்கினார்கள் என்றே சொல்கிறார். அவர் சொன்ன காரணம் படிகளின் சான்றோடு பொருந்தவில்லை. கிழக்கின் மிகப் பழைய படிகளில் இல்லாமல் போனதை அது விளக்காது. ஆனால் கதை பழையது. யோவான் எழுதவில்லை என்பது ஒன்று, நடக்கவில்லை என்பது வேறொன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு நான் வீணாக்கியது இரண்டு ஆண்டுகள்.

இப்போது அதை நடத்துகிறேன். தொடங்கும்போதே பழைய படிகளில் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். ஒரு முறைகூட யாரும் எழுந்துபோனதில்லை.

ஜனவரி 25

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "மாற்கு 16இன் முடிவுக்கும் இதே சலுகையா?" என்று கேட்கிறார்கள். இல்லை. 9 முதல் 20 வரையிலான பகுதி பழையதுதான், ஏறக்குறைய கி.பி. 180இல் ஆயர் இரேனியு அதைத் தெரிந்திருக்கிறார். ஆனால் "சர்ப்பங்களை எடுப்பார்கள், சாவுக்கேதுவான யாதொன்றைக் குடித்தாலும் அது அவர்களைச் சேதப்படுத்தாது" என்பது அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் இந்த வசனத்தைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஆராதனையில் விஷப்பாம்பைக் கையில் எடுக்கும் சபைகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றின. அவற்றைப் பரப்பியவர்களில் முக்கியமான ஜார்ஜ் ஹென்ஸ்லி 1955இல் பாம்பு கடித்தே இறந்தார். சீனாய், வத்திக்கான் படிகளில் மாற்கு 16:8இல் முடிந்துவிடுகிறது: கல்லறையிலிருந்து ஓடிய பெண்கள் பயத்தால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஓர் அடிக்குறிப்பு இருந்திருந்தால் சிலராவது கையைப் பின்வாங்கியிருப்பார்கள்.

ஜனவரி 28

கையெழுத்துப் படிகளை விட்டு மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். படிகள் ஒத்துப்போகும் இடத்திலும் தமிழ் நம்மை முடிவெடுக்கச் சொல்கிறது.

கிரேக்கத்தில் 'நாம்', 'நாங்கள்' என்ற பிரிவு இல்லை. மாற்கு 4:38இல் படகு முழுகப்போகிறது, இயேசு தூங்குகிறார், சீஷர்கள் எழுப்புகிறார்கள். "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. நாங்கள்! அப்படியானால் இயேசு மடியமாட்டார் என்று அந்த நேரத்திலேயே அவர்களுக்குத் தெரிந்திருந்ததா? அல்லது "நாம் எல்லாரும் சாகப்போகிறோம், நீர் தூங்குகிறீரே" என்ற பதற்றமா? மூன்று வசனம் தள்ளி "இவர் யாரோ" என்று அவர்களே வியக்கிறார்கள். அதை வைத்துப் பார்த்தால் 'நாம்' என்பதே பொருந்தும் என்பேன். ஆனால் 'நாம்' என்று அச்சிட்டால் ஆண்டவரும் மூழ்கிவிடுவார் என்று வேதம் சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று மொழிபெயர்ப்பாளர் தயங்கியிருப்பார். 'சாகப்போகிறோமே' என்று வினைமுற்றோடு நிறுத்திக்கொண்டால் இரண்டுக்கும் இடமுண்டு. தமிழ் அந்த வசதியையும் கொடுத்திருக்கிறது.

கானாவூர்க் கலியாணம், யோவான் 2:4. பழையது: "ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன." தாயைப் பார்த்து 'ஸ்திரீயே' என்பது தமிழ்க் காதில் அறைந்ததுபோல் விழுகிறது. கிரேக்கத்தில் அது மரியாதைக் குறைவான விளி அன்று. சமாரியப் பெண்ணையும் மகதலேனா மரியாளையும் இயேசு அதே சொல்லால் அழைக்கிறார். திருவிவிலியம் "அம்மா" என்கிறது. தாயையும், முன்பின் தெரியாத பெண்ணையும் ஒரே சொல்லால் மதிப்போடு அழைக்கத் தமிழில் இருப்பது 'அம்மா'தான். இது நல்ல மொழிபெயர்ப்பு.

ஆனால் அடுத்த வாக்கியத்தில் அதே மொழிபெயர்ப்பு வழுக்குகிறது. "அதைப்பற்றி நாம் என்ன செய்ய முடியும்?" என்று போட்டிருக்கிறார்கள். மூலத்தில் இருப்பது ஒரு தூரம். மாற்கு 5:7இல் பிசாசு பிடித்தவன் இயேசுவைப் பார்த்து "எனக்கும் உமக்கும் என்ன" என்று அலறுகிறானே, அதே தொடர். மகன் தாயிடமிருந்து ஓர் அடி தள்ளி நிற்கிறான், பிதாவின் வேளைக்காகக் காத்திருக்கிறான். 'நாம்' என்ற ஒரு சொல் அந்த இடைவெளியை மூடி, இருவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்திவிட்டது. பழைய மொழிபெயர்ப்பின் முரட்டு வாக்கியத்தையே இங்கே நான் எடுப்பேன்.

ஜனவரி 29

"அப்படியானால் பழையதே நல்லது என்கிறீர்களா?" இல்லை. இடத்துக்கு இடம் பார்க்க வேண்டும். ரோமர் 5:12இல் அகுஸ்தீன் வாசித்த இலத்தீன் "அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்" என்று பொருள்படும்படி இருந்தது. ஆதாமுக்குள் நாம் எல்லாரும் பாவம் செய்தோம் என்ற ஜென்மபாவக் கொள்கைக்கு அவர் அதைத் தூணாக்கினார். நம்முடைய பழைய தமிழ் "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்" என்று கிரேக்கத்தை நேராகப் பிடித்திருக்கிறது. அந்தக் கொள்கைக்கு வேறு ஆதாரங்கள் இருக்கலாம். இந்த வசனம் தமிழில் அதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 2

புதிய மொழிபெயர்ப்பை மேடையில் நின்று "பிசாசின் கத்தரிக்கோல்" என்று ஒரு பிரசங்கி சொன்னதைக் கேட்டிருக்கிறேன். கூட்டம் ஆமென் போட்டது. இது புதிதில்லை.

வேதத்தை இலத்தீனில் பெயர்த்த எரோணிமுக்கு அகுஸ்தீன் கி.பி. 403இல் எழுதிய கடிதத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது. ஓயா என்ற ஊர், இன்றைய திரிப்போலி. அங்கே ஆயர் எரோணிமின் புதிய மொழிபெயர்ப்பிலிருந்து யோனாவை வாசித்தார். யோனாவுக்கு நிழல் கொடுத்த செடி, தலைமுறை தலைமுறையாக அவர்கள் பாடிக் கேட்ட இலத்தீனில் சுரைக்கொடி. எரோணிம் அதைப் படர்கொடி வகை ஒன்றாக மாற்றியிருந்தார். ஆலயத்துக்குள் அமளி. கடைசியில் சபையே இல்லாமல் போய்விடும் நிலை வந்து, ஆயர் பழைய சொல்லுக்கே திரும்பினார். ஒரு செடிக்காக!

தமிழில் அது ஆமணக்குச் செடி. எபிரேயச் சொல்லுக்கு இன்று பலரும் சொல்லும் பொருளும் அதுதான். நம் மொழிபெயர்ப்பாளர்கள் சுரையிலும் சிக்கவில்லை, கொடியிலும் சிக்கவில்லை. அந்த ஊர்க்காரர்களை நான் பரிகசிக்கமாட்டேன். பாட்டி சொல்லிக் காதில் விழுந்த சொல்லை மாற்றினால் பாட்டியையே மாற்றியதுபோல் இருக்கும்.

பிப்ரவரி 3

கோலியாத்தின் உயரம் கேட்டவருக்கு: பழைய மொழிபெயர்ப்பில் "ஆறுமுழமும் ஒரு ஜாணும்". பழைய ஏற்பாட்டின் பழங்காலக் கிரேக்க மொழிபெயர்ப்பிலும், சாக்கடல் கரையிலுள்ள கும்ரானின் நான்காம் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளிலும் நான்கு முழமும் ஒரு ஜாணும். முதலாவது ஒன்பதே முக்கால் அடி, இரண்டாவது ஆறே முக்கால் அடி அளவில் வரும். ஆறே முக்கால் அடி மனிதன் கவசம் போட்டு எதிரே நின்றாலும் நான் ஓடித்தான் போவேன். தாவீது ஓடவில்லை.

பிப்ரவரி 7

ரோமர் 16:7. "அன்றோனீக்கையும், யூனியாவையும் வாழ்த்துங்கள், அவர்கள் அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்." யூனியா பெண். 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் பிரசங்கியார் கிரிசோஸ்தோம் அவரை அப்போஸ்தலர் என்ற பெயருக்குத் தகுந்த பெண் என்றே வியந்து பாராட்டினார். பழைய படிகளில் அழுத்தக்குறிகள் எழுதுவதில்லை. குறியை மாற்றிப் போட்டால் 'யூனியாஸ்' என்ற ஆண் பெயராக வாசிக்கலாம். அப்படி ஓர் ஆண் பெயர் அக்காலத்து ஆவணம் எதிலும் கிடைக்கவில்லை. இருந்தும் அறிஞர்கள் பயன்படுத்தும் நெஸ்லே பதிப்பு 1927 முதல் 1998 வரை ஆண் பெயராகவே அச்சிட்டது. 71 ஆண்டுகள் ஒரு பெண்ணை ஆணாக்கி வைத்திருந்தார்கள், ஓர் அழுத்தக்குறியால்.

தமிழில் 'பெயர்பெற்றவர்கள்' என்று வருவதால் ஆணா பெண்ணா என்று தெரியாது. இது தமிழின் குறை என்று முன்பு ஒரு முறை எழுதியிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. குறையிருப்பது இரண்டு வசனங்களுக்கு... இல்லை, ஆறு வசனங்களுக்கு முன்னால். 16:1இல் பெபேயாள் "ஊழியக்காரி". கிரேக்கத்தில் 'தியாகொனொஸ்'. அதே சொல் பிலிப்பியர் 1:1இலும் 1 தீமோத்தேயு 3:8இலும் "உதவிக்காரர்" என்று சபைப் பதவியாக வருகிறது. ஆணுக்குப் பதவி, பெண்ணுக்கு வேலை. ஒரே சொல்லை இரண்டு தமிழ்ச் சொல்லாக்கிய இடத்தில் என் தாயும் பாட்டியும் எதை இழந்தார்கள் என்று யோசிக்கிறேன்.

பிப்ரவரி 9

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். "அப்பாவின் வேதாகமத்தில் அந்த வரியை அடித்துவிடட்டுமா?"

வேண்டாம். சிவப்புக் கோட்டையும் விட்டுவையுங்கள். என்னுடைய பிரதியில் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் "இலத்தீன் வழி வந்தது, எராஸ்மஸின் கிரேக்கப் பதிப்பில் 1522இல் சேர்ந்தது" என்று எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் அப்படி எழுதுங்கள்.

பிறகு ஒன்று செய்யுங்கள். ஆறாம் வசனத்தை வாசித்துவிட்டு, ஏழில் அந்த வரியை விட்டு, ஆவி, ஜலம், இரத்தம் என்ற மூன்று சாட்சிகளுக்கு நேராகப் போங்கள். இயேசு ஜலத்தினால் மாத்திரமல்ல, ஜலத்தினாலும் இரத்தத்தினாலும் வந்தவர் என்று ஆறில் யோவான் அழுத்திச் சொல்கிறார். ஞானஸ்நானத்தை ஏற்று, சிலுவையை ஏற்க மறுத்த யாரோடோ அவர் வாதாடிக்கொண்டிருக்கிறார் என்று தெரிகிறது. பரலோகம் என்ற சொல் நடுவில் வந்ததும் அந்த வாதம் அறுந்துவிடுகிறது. வரியை விட்டு வாசித்தால் ஜலம், இரத்தம் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. இத்தனை ஆண்டுகளில் அந்த இரண்டு சொற்களையும் நான் ஒரு முறைகூடக் கவனித்ததில்லை. கண் எப்போதும் மேல்வரியிலேயே நின்றுவிடும்.